ஒரு தட்டு காட்டுக் காளான்

"துப்புங்க…! உடனே துப்புங்க!"

அந்தக் குரலுக்கு மரங்களில் இருந்த பறவைகளெல்லாம் ஒரே நேரத்தில் இடத்தைக் காலி செய்தன. ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. அவசரப் பிரிவின் இந்தக் கோடியில் நின்று அவள் சத்தம் போட்டால், அந்தக் கோடியில் மயங்கிக் கிடப்பவர்கூட 'யாரது?' என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார்.

இன்று அவளுக்கு விடுமுறை. மழை விட்ட காட்டில் நிம்மதியாக நடக்கலாம் என்று வந்தவள், மரத்தடியில் மண்டியிட்டிருந்த ஒருவன் மஞ்சள் காளான் ஒன்றைக் கிள்ளி வாயில் போடுவதைப் பார்த்துவிட்டாள். நர்ஸுக்கு ஏது விடுமுறை?

பாவம், அவன் நுனி நாக்கில் ருசி பார்த்துவிட்டுத் துப்பத்தான் நினைத்திருந்தான். சத்தத்தைக் கேட்ட அதிர்ச்சியில் விழுங்கியே விட்டான்.

அவள் விடுவாளா? பாய்ந்து போய் அவன் முதுகில் மடேர் மடேரென்று நாலு வைத்தாள். வந்த வேகத்தில் அவள் கால் பட்டுப் பக்கத்தில் இருந்த கூடை கவிழ்ந்து, சரிவில் உருண்டு, கீழே ஓடைக் கரையில் போய்த் தங்கியது. அதிலிருந்த காளான் அத்தனையும் தண்ணீரில் மிதந்துகொண்டே போயின… மஞ்சள் மஞ்சளாக.

அவன் இருமி முடித்துத் திரும்பினான். தண்ணீர் கட்டிய கண்கள். ஈர மண்ணின் நிறத்தில், கோபமா சிரிப்பா என்று முடிவு செய்யாத கண்கள்…

"அம்மா தாயே… யாருங்க நீங்க?"

"நர்ஸ்! விழுங்கிட்டீங்களா?"

"நீங்க கத்தினதுலதான் விழுங்கினேன்."

"வயிறு வலிக்குதா? தலை சுத்துதா?"

"முதுகு வலிக்குது."

"விளையாடாதீங்க! காட்டுல முளைச்சதை எல்லாம் வாயில வைக்கலாமா?"

"நான் சமையல்காரன்ங்க. பாலத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை. அஞ்சாறு வருஷமா பறிக்கிறேன். சமைச்சுச் சாப்பிடற காளான்தான் இது. காலையிலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு ஒரு கூடை சேர்த்தேன்…" அவன் ஓடையைப் பார்த்தான். "இப்ப மீனெல்லாம் விருந்து சாப்பிடும்."

அவளுக்கு முகம் சிவந்தது. ஆனால் தப்பை ஒப்புக்கொள்வது என்பது அவள் ஜாதகத்திலேயே இல்லாத சமாச்சாரம். ஏதாவது பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மழை முந்திக்கொண்டது.

சடசடவென்று பிடித்த மழை. அவன் சரிவில் இறங்கி ஓடி, கூடையை எடுத்து வந்து, சட்டென்று அவள் தலைக்கு மேலே பிடித்தான்.

"கூடை ஒழுகுதுங்க," என்றாள்.

"குடை எடுத்துட்டு வரலை. யாராவது அடிக்க வருவாங்கன்னும் தெரியாது… ஒண்ணுக்கும் தயாரா வரலை."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உதடு கேட்கவில்லை.

மரத்தை ஒட்டி நின்றுகொண்டே, வேரருகில் மிஞ்சியிருந்த ஒரு காளானை அவன் பறித்து நீட்டினான். "மோந்து பாருங்க." கனிந்த பழம் போல மணத்தது. காளான் குடையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். "பார்த்தீங்களா… தனித்தனித் தகடா இல்ல. மடிப்பு மடிப்பா, தண்டு வரைக்கும் இறங்குது. இதே நிறத்துல இன்னொண்ணு இருக்கு. அது செத்த கட்டையில வரும், அடியில காகிதம் அடுக்கின மாதிரி இருக்கும். அதைத் தொடவே மாட்டேன். சந்தேகம் வந்தா விட்டுட்டு வந்துடுவேன். காடு எங்க ஓடிடப் போகுது?"

அவன் பேசும்போது கண்கள் காளானை விட்டு நகரவில்லை. இப்படி ஒரு பொருளைக் கண்ணால் தாங்கிப் பேசும் ஆண்பிள்ளையை அவள் பார்த்ததில்லை. நெஞ்சுக்குள் என்னவோ மெல்லப் புரண்டது… கூடவே வேறு ஒரு நினைவும் எழுந்து வந்து அதை அமுக்கியது.

போன மழைக்காலம். அவசரப் பிரிவுக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இப்படித்தான், காட்டில் பறித்த காளான். மனைவி பிழைத்தாள். கணவன் பிழைக்கவில்லை. 'நான்தானே சமைச்சேன்… நான்தானே போட்டேன்…' என்று அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சாறு வருஷம்னு சொன்னீங்க," என்றாள், குரல் இறங்கி. "ஒரே ஒரு தடவை தப்பாயிட்டா போதும். நான் வார்டுல பார்த்திருக்கேன்."

அவன் கேலி செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். பிறகு அந்தக் காளானை ஒரு இலையில் சுற்றி அவள் கையில் வைத்தான். "தெரிஞ்சவங்க யார்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க. சரின்னு சொன்னா கடைக்கு வாங்க. ஒரு தட்டு என் கணக்கு."

"தப்புன்னு சொன்னா?"

"அப்பவும் வாங்க… இன்னும் நாலு அடி பாக்கி இருக்கு."

மழை விட்டுவிட்டது. விட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மாலையே, அக்கா வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியும் புத்தகமுமாக உட்கார்ந்துவிட்டார். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுப்பவர். அப்படியும் ஒருவர் சொல் போதாது என்று, மறுநாள் காளான் ஆராய்ச்சி செய்கிற தன் நண்பரிடம் கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"அருமையான காளான்மா. தாராளமா சாப்பிடலாம். உன் ஆளு தப்புப் பண்ணலை."

"என் ஆளா? யார் ஆளு?"

"மாமா வாய் தவறிச் சொல்லிட்டாரு," என்றாள் அக்கா, வாய் தவறிய மாதிரியே தெரியாத முகத்தோடு. "ஏண்டி சைரன், ஒரு மனுஷனைப் போட்டு அடிச்சு, கூடையைக் கவுத்து விட்டிருக்கே. மன்னிப்பு கேட்டியா?"

"கேக்கணும்…"

"கேக்கப் போறப்ப அந்த நீலப் புடவையைக் கட்டிட்டுப் போ."

"மன்னிப்பு கேக்கறதுக்கு எதுக்குக்கா நீலப் புடவை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். காலையிலேர்ந்து அதுக்கு நீ எதுக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்கே?"

நீலப் புடவைக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவசரப் பிரிவில் ஒவ்வொரு நாளும் வேலை நீண்டுகொண்டே போனது. கடைசியில் பொறுமை இழந்து, ஒரு மத்தியானம் காலை டியூட்டி முடிந்த கையோடு, வெள்ளை யூனிஃபார்மிலேயே பாலத்தைத் தாண்டி நடந்துவிட்டாள். ஆறு மேஜை போட்ட சின்னக் கடை. எதிரே பஸ் நிலையம் என்பதால் டிரைவர்களும் கண்டக்டர்களும் நிறைந்திருந்தார்கள். கல்லாவில் ஒரு பெண், அவனுடைய அதே ஈர மண் கண்களோடு. தங்கை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமையலறைத் திறப்பு வழியாக அவன் எட்டிப் பார்த்தான். கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது.

"அண்ணா… சூப்பு!" என்றாள் தங்கை.

"உக்காருங்க," என்றான் அவளிடம், சூப்பைப் பற்றிக் கவலையே இல்லாமல்.

சன்னலோர மேஜை. இரண்டு பேர் பார்த்துச் சரி சொன்னதை அவள் சொன்னதும், அவனே கொண்டு வந்து வைத்தான். வெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய மஞ்சள் காளான், பக்கத்தில் மொறுமொறுவென்று சுட்ட ரொட்டி. மணம் மூக்கைத் துளைத்தது. அவன் எதிரே நின்றான், கையைத் துண்டில் துடைத்து, மறுபடியும் துடைத்து, பரீட்சை முடிவு பார்க்க வந்தவனைப் போல.

அவள் கரண்டியை எடுத்தாள். ஒரு துண்டைத் தொட்டாள்.

'நான்தானே போட்டேன்…'

கை மேலே எழ மறுத்தது. மாமா பார்த்தார், ஆராய்ச்சிக்காரர் பார்த்தார், எல்லாம் சரி… புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாள். கொஞ்சம் வேகமாகவே தள்ளிவிட்டாள் போலிருக்கிறது, கரண்டி கீழே விழுந்து டணாரென்று சத்தம் போட்டது. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என்னால முடியலை…"

அவன் முகம் சுருங்கியது. "ரெண்டு பேரு பார்த்துச் சொன்னதுக்கு அப்புறமும் நம்பிக்கை வரலியா?"

"அது இல்லைங்க…"

"சமைச்சவன் முன்னாடி தட்டைத் தள்ளறதுக்குப் பதிலா, அன்னைக்கு மாதிரி இன்னும் நாலு அடி அடிச்சிருக்கலாம்."

அவள் விளக்கம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் எல்லோருடைய கண்ணும் அவள் மேல்… ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் கெஞ்சிக் கேட்டு வரலை!" என்று சொல்லிவிட்டு எழுந்து, விறுவிறுவென்று வெளியே நடந்தாள். பாலத்தின் பாதியில்தான் கண்ணீர் வந்தது. மன்னிப்பு கேட்கப் போனவள், கேட்காமலே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பாலத்துப் பக்கமே போகவில்லை. சுற்று வழியில் வீட்டுக்குப் போனாள். மழை வந்தால் சன்னலைச் சாத்தினாள். அக்கா பருப்புச் சட்டியை இறக்கிக்கொண்டே ஒருமுறை பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அக்கா கேட்காமல் இருந்தால்தான் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

'போனா போகட்டும்… ரோஷம் அவருக்கு மட்டும்தானா?' என்று பகலில் சொல்லிக்கொள்வாள். ஆனால் மருந்துத் தட்டை எடுத்தால்கூட ஒரு துண்டில் கை துடைக்கும் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

இப்படியே நாட்கள் ஓடிக்கொண்டிருக்க, ஒரு நாள் காலை அவசரப் பிரிவுக்குள் ஒரு பெண் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். அதே ஈர மண் கண்கள்.

"வெங்காயம் நறுக்கறப்ப வெட்டிக்கிட்டேன்," என்றாள் அவன் தங்கை. "முன்னாடியே சொல்லிடறேன்க்கா, எங்க அண்ணன் அனுப்பலை. கத்திதான் அனுப்பிச்சுது."

காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். கட்டி முடித்ததும் அவளால் அடக்க முடியவில்லை. "கடை எப்படி… நடக்குது?"

"நடக்கலை. படுத்துடுச்சு."

"என்னது?"

"உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்க இந்த வெள்ளை டிரெஸ்ல தட்டைத் தள்ளிட்டு எழுந்தீங்கல்ல… 'ஆஸ்பத்திரி நர்ஸே வாயில வைக்காம ஓடறாங்கன்னா அதுல என்னமோ இருக்கு'ன்னு பஸ் நிலையம் பூரா பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதல்ல காளானைத் தொடலை, அப்புறம் சூப்பைத் தொடலை, இப்ப தண்ணி குடிக்கக்கூட ஆள் வர்றதில்லை. அண்ணன் வேற ஊர்ல ஒரு பெரிய ஹோட்டல்ல வேலை தேடிக்கிட்டாரு. திங்கட்கிழமை கிளம்பறாரு. கடையை மூடறோம்."

அவளுக்குக் காதில் குப்பென்று அடைத்தது. தட்டைத் தள்ளியது தன் பயம் என்று அவள் நினைத்திருந்தாள். பார்த்தவர்கள் கண்ணுக்கு அது பயம் இல்லை, சர்டிஃபிகேட். யூனிஃபார்ம் போட்ட கை தள்ளிய தட்டை இனி எந்தக் கை தொடும்? ஒரு மனிதன் குனிந்து குனிந்து சேர்த்த பேரை, ஒரு கரண்டி சத்தத்தில் அவள் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள்.

"ஏன் என்கிட்ட வந்து சொல்லலை? நான் பத்துப் பேருகிட்ட…"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'அவங்க பயந்துட்டாங்க. பயந்தவங்களைப் போய்ச் சாட்சிக்கு இழுக்கறதா?'ன்னு என்னைத்தான் திட்டினாரு."

அவள் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த பஞ்சை மறுபடியும் அடுக்கினாள். அந்த மனிதனுக்கு அது பயம் என்று புரிந்திருக்கிறது. சொல்லாமலே புரிந்திருக்கிறது…

மறுநாள் வானம் காலையிலேயே இருட்டிக்கொண்டு வந்தது. நீலப் புடவை கொடியில் தயாராகத் தொங்கியது. அவள் அதைத் தொடவில்லை. டியூட்டி முடிந்ததும், சுத்தமாகத் துவைத்த வெள்ளை யூனிஃபார்மோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, பஸ் நிலையம் நிறைந்திருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்துப் பாலத்தைக் கடந்தாள்.

கடையில் ஈ காக்கை இல்லை. 'காட்டுக் காளான் இல்லை' என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. மழைக்கு ஒதுங்கிய டிரைவர்களும் கண்டக்டர்களும் வாசலில் கூரைக்கு அடியில் நின்றார்களே தவிர, ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை.

அவள் உள்ளே போய், எல்லோருக்கும் தெரிகிற அந்தச் சன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள்.

அவன் வெளியே வந்தான். இளைத்திருந்தான். கண்கள் மட்டும் அப்படியே…

"என்ன வேணும்?"

"காட்டுக் காளான். ஒரு தட்டு."

"இல்லைங்க. போர்டுல எழுதியிருக்கே."

"இருக்கு!" என்று உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "ஃப்ரிட்ஜ்ல இருக்கு!"

"நீ சும்மா இரு…"

"ஏன் சும்மா இருக்கணும்? ஒவ்வொரு மழைக்கும் போய்ப் பறிச்சிட்டு வர்றது, 'ஒருவேளை அவங்க வந்தா'ன்னு எடுத்து வைக்கிறது, யாரும் வரலைன்னதும் தூக்கிப் போடறது… கேளுங்கக்கா, நேத்து பறிச்சதும் அப்படியேதான் இருக்கு!"

அவன் காது மடல் சிவந்தது. அவளுக்கு மூச்சே ஒரு கணம் மறந்துபோனது. ஒவ்வொரு மழைக்குமா… அவள் சன்னலைச் சாத்திய ஒவ்வொரு மழைக்குமா?

அவன் எதிரே வந்து, குரலைத் தணித்துச் சொன்னான். "கடையைக் காப்பாத்தணும்னு நீங்க பயத்தோட சாப்பிட வேண்டாம். மருந்து மாதிரி கண்ணை மூடிட்டு விழுங்கறதுக்கு நான் சமைக்கலை. கடை போனா போகுது."

"கடைக்காக வரலை."

"பின்னே?"

"மன்னிப்பு கேக்க வந்தேன். கூடைக்கு… தட்டுக்கு… எல்லாத்துக்கும்." இந்த முறை அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கவில்லை. போன மழைக்காலத்தில் வந்த கணவன் மனைவியைப் பற்றி, கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வியைப் பற்றி, முழுக்கச் சொன்னாள். "உங்களை நம்பாம தள்ளலை. அந்தப் பொண்ணு கை இன்னும் என் கையை விடலை… அதான்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். "பறிச்ச அன்னைக்கு யாருக்கும் போட மாட்டேன். ஒவ்வொரு கூடையிலேயும் முதல்ல நான் சமைச்சுச் சாப்பிடுவேன். மறுநாள் நான் நல்லா இருந்தாத்தான் மத்தவங்களுக்கு. உங்களுக்கு வச்ச தட்டும் அப்படித்தான். நீங்க சொன்னீங்களே, ஒரு தடவை தப்பாயிட்டா போதும்னு… அந்த ஒரு தடவை வந்தா எனக்கு மட்டும் வரட்டும்னுதான்."

அவள் நிமிர்ந்தாள். நர்ஸ் விழித்துக்கொண்டாள். அதைவிட வேகமாக அவளுக்குள் இருந்த பெண் விழித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுக் காத்திருப்பீங்களா? கூட யாரு இருப்பாங்க?"

"யாரு இருப்பாங்க? இவ பயந்துடுவான்னு இவகிட்டக்கூடச் சொன்னதில்லை."

"அண்ணா!" என்றாள் உள்ளேயிருந்து தங்கை, அழுகிற குரலில்.

"தனியாவா?" இவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. "அஞ்சாறு வருஷமா ஒவ்வொரு தடவையும்… தனியாவா?"

"வேற என்னங்க பண்றது…"

"பேசாதீங்க! போய் வதக்கிட்டு வாங்க. பூண்டு நிறையப் போடுங்க."

சத்தம் சன்னல் வழியாக வாசலுக்குப் போயிற்று. மழைக்கு ஒதுங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குத்தானே அவள் இந்த மேஜையில் உட்கார்ந்தாள்.

தட்டு வந்தது. ஆவி பறந்தது. கை இந்த முறையும் மறுக்கத்தான் பார்த்தது. அவள் மறைக்கவில்லை. மறுத்த கையாலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். வெண்ணெயும் மண்ணும் மழையும் கலந்த ஒரு ருசி… இத்தனை நாள் இதையா தள்ளி வைத்தோம் என்றிருந்தது. இரண்டாவது துண்டு, மூன்றாவது… ரொட்டியால் தட்டை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

வாசலில் ஒரு டிரைவர் கனைத்தார். "நர்ஸம்மா… எப்படி இருக்கு?"

"உள்ள வந்து சாப்பிட்டுப் பாருங்க! ஓசியில சொல்ல மாட்டேன்."

சிரிப்பு எழுந்தது. முதலில் அவர் வந்தார். பின்னாலேயே கண்டக்டர், அவர் பின்னால் நனைந்த சட்டையோடு இரண்டு பேர். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து மேஜை துடைத்தாள்.

அவன் மட்டும் அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுப்பைப் பாருங்க, ஆள் வந்துட்டாங்க," என்றாள், பார்வை தாங்காமல்.

"பார்க்கறேன். திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கணும்ல."

"திங்கட்கிழமைக்கு அப்புறம்?"

"வேற ஊருக்கு வாக்குக் கொடுத்துட்டேனே…"

"வாக்கைத் திருப்பி வாங்கிக்குங்க." தலை குனிந்தது. அவசரப் பிரிவையே அதிர வைக்கும் குரல், பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காத அளவுக்குச் சின்னதாயிற்று. "இனிமே நீங்க முதல்ல சாப்பிடற அன்னைக்கு… நான் பக்கத்துல இருப்பேன். நாடி பார்ப்பேன். மறுநாள் வரைக்கும் எழுந்து போக மாட்டேன்."

அவன் மேஜை மேல் கையை நீட்டினான், மணிக்கட்டை மேலாக வைத்து. அவள் விரல்கள் பழக்கத்தில் நாடியைத் தேடிப் பிடித்தன. அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மழைக்காலம் வரைக்கும்தானா?" என்று கேட்டான். "அது முடிஞ்சா காளான் கிடையாதே…"

"கிடையாதுதான்," என்றாள். விரலை எடுக்கவில்லை. "காளான் இல்லாத நாள்ல ரொட்டியும் சூப்பும் போடுங்க. எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு… காளானைப் பிடிச்சது இன்னைக்குத்தான்."